யார் சேர்த்த வரி?

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகருக்கு பஸ் ஏறினால் வழியில் பாலவநத்தம் வரும். மத்தியான வெயிலில் பஸ்ஸில் பாதிப்பேர் தூக்கத்தில் இருப்பார்கள். முழித்திருப்பவர்களுக்கும் ஜன்னலுக்கு வெளியே கரிசல், சீமைக்கருவேல், வற்றிய கண்மாய் தவிர பெரிதாக எதுவும் கண்ணில் படாது. ஆனால் தமிழ் படித்தவர்கள் மறக்கக் கூடாத ஊர் அது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஆமாம், 1901ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய அதே தேவர்தான்.

புலவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். சுவடிகளையும் புத்தகங்களையும் தேடித் தேடிச் சேர்த்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருமுறை புத்தகங்களை எரித்திருக்கிறார் என்று சொல்கிறார்கள். அதுவும் திருக்குறளை! அதுவும் சொந்தக் காசு கொடுத்து வாங்கி!

சங்க வரலாறு பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. மதுரையில் ஸ்காட் என்றொரு வெள்ளைக்காரர் இருந்தார். தமிழ் மீது அவருக்குப் பெரிய மோகம். தன் பெயரையே 'சுகாத்தியர்' என்று மாற்றிக்கொள்ளும் அளவுக்கு மோகம். குறளைப் படித்துக்கொண்டே வந்தவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. சில குறள்களில் எதுகை இல்லை, சிலவற்றில் மோனை இல்லை. வள்ளுவர் இப்படியா எழுதியிருப்பார்? ஏடு எழுதியவன்தான் தப்புப் பண்ணியிருக்க வேண்டும்! எடுத்தார் பேனாவை. எதுகை இல்லாத இடத்தில் எதுகை, மோனை இல்லாத இடத்தில் மோனை. எல்லாவற்றையும் 'திருத்தி' அச்சிட்டும் விட்டார்.

புத்தகம் தேவர் கைக்கு வந்தது. பக்கத்தைப் புரட்டியவர் கொதித்துப் போனார். ஆனால் சண்டைக்குப் போகவில்லை. மிச்சம் எத்தனை பிரதி இருக்கிறது என்று கேட்டு, அத்தனையையும் விலை பேசி வாங்கினார். வெள்ளைக்காரருக்குப் பரம சந்தோஷம். தேவர் குழி தோண்டச் சொன்னார். புத்தகங்களை உள்ளே போட்டார். தீ வைத்தார். முடிந்தது.

இன்றைய கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: தப்பான ஒரு 'ரிலீஸை' வாபஸ் வாங்குவது.

உங்கள் செல்போனில் ராத்திரியோடு ராத்திரியாக 'அப்டேட்' வந்து இறங்குகிறதே, அதுதான் ரிலீஸ். நமக்கு அது ஒரு பட்டனை அழுத்துகிற சமாசாரம். அந்தப் பக்கம் நடப்பது வேறு. ஒரே மூலத்தைப் பல பேர், சமயத்தில் ஆயிரக்கணக்கான பேர், ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு நாள், ஒருவர் கையைத் தூக்கி, 'நிறுத்துங்கள், இந்த நிமிஷம் எப்படி இருக்கிறதோ அதுதான் இனி 5.6 என்ற பதிப்பு' என்று முத்திரை குத்தி ஊருக்கு அனுப்புகிறார். யார், எந்த வரியை, எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று எழுதி வைக்கிற கணக்குப் புத்தகத்துக்கு 'வெர்ஷன் கண்ட்ரோல்' என்று பெயர்.

இது ஏதோ அமெரிக்காவில் முளைத்த புதுத் தலைவலி என்று நினைத்துவிடாதீர்கள். தமிழனுக்கு இந்தத் தலைவலி ரொம்பப் பழசு. இதற்கென்றே இரண்டு சொற்களை வைத்திருக்கிறோம். ஒரே பாட்டு ஏட்டுக்கு ஏடு வித்தியாசப்பட்டால் 'பாடபேதம்'. எழுதியவர் எழுதாததை வேறொருவர் நடுவில் நுழைத்தால் 'இடைச்செருகல்'. உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான்: ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டு, பேதங்களைக் குறித்துக்கொள்வது. யாரிடமிருந்து எந்தப் பிரதி வந்தது என்பதையும் தன் பதிப்புகளில் நன்றியோடு எழுதி வைத்தார் தாத்தா.

பாண்டித்துரைத் தேவர் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. அவர் கோபம் நியாயம். ஆனால், ஒரு பிரதியையாவது, 'பிழைப் பதிப்பு, படிக்க வேண்டாம்' என்று அட்டையில் எழுதி அலமாரியில் வைத்திருக்கலாம். எந்தெந்தக் குறளில் ஸ்காட் துரை கை வைத்தார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி எது?

சரி, அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து இந்த முறை எதிர்த் திசையில் பஸ் ஏறுவோம். திருச்சுழி. குண்டாற்றங்கரை ஊர். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் துளை போட்டுச் சுழித்து உள்ளே போகச் செய்த இடம் என்கிறது ஸ்தல புராணம். (குண்டாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலைப் பார்க்கிறவர்கள், அந்தத் துளை இன்னும் அடைபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.) இங்கே வக்கீலாக இருந்த சுந்தரமய்யரின் வீட்டில் 1879 டிசம்பர் 30ம் தேதி ஒரு பையன் பிறந்தான். வேங்கடராமன். 1896ல், பதினாறு வயதில், மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது பிற்பாடு.

1902 வாக்கில், தென்னார்க்காடு கலெக்டர் ஆபீஸில் ரெவின்யூ உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் வேலை விஷயமாகத் திருவண்ணாமலை வந்தார். தத்துவம் படித்த பட்டதாரி. விரூபாட்ச குகையில் இருந்த இளம் சாமியாரைப் போய்ப் பார்த்தார். கேள்விகளாகக் கேட்டார். அப்போது ரமணர் பேசுவதில்லை. விரதம் என்றில்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சைகையால் பதில் சொன்னார். புரியாவிட்டால் எழுதிக் காட்டினார். பிள்ளை அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டார்.

குறிப்பு இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளையிடமே இருந்தது. 1923ல்தான் அச்சுக்கு வந்தது. 'நான் யார்?' என்று இன்று உலகம் முழுக்க விற்கிற அந்தச் சின்னப் புத்தகத்தின் முதல் ரிலீஸ் அது.

அப்புறம்தான் வேடிக்கை. அடுத்தடுத்து வந்த பதிப்புகளில் சிலவற்றில் முப்பது கேள்வி. சிலவற்றில் இருபத்தெட்டு. 1920களில் ரமணரே உட்கார்ந்து, கேள்விகளை எடுத்துவிட்டு, பதில்களைக் கோத்து, புதிதாக ஒரு முன்பத்தி எழுதிச் சேர்த்து, கட்டுரையாக ஒரு வடிவம் கொடுத்தார். ஆக, கடைக்குப் போய் ''நான் யார்?' கொடுங்க' என்றால், எந்த 'நான் யார்?' என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்!

இதில் ஒரு பகுதி உண்டு. 'நான் யார்?' என்பதற்குப் பதிலாக, இந்த உடம்பு நான் அல்ல, இந்தப் பொறி நான் அல்ல, இந்தப் புலன் நான் அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகிற நீளமான பட்டியல். அச்சுக்கான பிரதியில் இதைப் பார்த்தபோது, இவ்வளவு விரிவாகத் தான் சொல்லவில்லையே என்றாராம் ரமணர். ரமண இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் பதிவு செய்திருக்கிற செய்தி இது. சேர்த்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தத்துவம் படித்தவர் அல்லவா, இப்படி விரித்து எழுதிக்கொண்டால் தனக்குத் தெளிவாக இருக்கும் என்று எழுதிக்கொண்டார். ரமணரும் அதைப் புரிந்துகொண்டு, காரணத்தையும் சொல்லிவிட்டு, அப்படியே விட்டுவிட்டார். பின்னால் அவரே எழுதிய கட்டுரையிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது.

அதாவது, சீடர் சேர்த்தார், குரு பார்த்தார், அனுமதித்தார். மூன்றும் நமக்குத் தெரியும். தெரிவதால்தான் இது இடைச்செருகல் ஆகாமல் தப்பித்தது. அன்றைக்கு ரமணர் கண்ணில் அது படாமல் போயிருந்தால்? பார்த்தவர் சொன்னதை யாரும் எழுதி வைக்காமல் போயிருந்தால்? 'இது யார் சேர்த்த வரி?' என்று இன்றைக்குப் பட்டிமன்றம்தான் நடத்திக்கொண்டிருப்போம்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்.

மென்பொருளுக்கு மூலப்பிரதி என்பது மனிதன் எழுதுகிற நிரல். அதில் யார் என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கிற முதல் முக்கியமான கருவியை 1972ல் அமெரிக்காவில், பெல் ஆய்வுக்கூடத்தில், மார்க் ராச்கைண்ட் என்பவர் செய்தார். 1986ல் ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற பேராசிரியர் இன்னொன்று செய்தார். அவரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு வேலை பார்க்க வேண்டும். மூன்று பேருக்கும் ஒத்துவருகிற நேரமே கிடையாது. ஒருத்தன் மாற்றியதை இன்னொருத்தன் அழித்துவிடக் கூடாது என்பதற்காகப் பிறந்தது சி.வி.எஸ்.

கதாநாயகன் வருவது 2005ல். லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ். 1991ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது ஆரம்பித்தது, பத்து வருஷத்தில் ஊர்கூடித் தேர் இழுக்கிற சமாசாரமாகிவிட்டது. அத்தனை பேரின் திருத்தங்களும் ஈமெயிலில் வந்து குவியும். 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை லினக்ஸ்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு தகராறில், 2005ல் கம்பெனி அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3ம் தேதி உட்கார்ந்தார். ஏப்ரல் 7ம் தேதி, தான் எழுதிய புதிய கருவியின் கணக்கை அந்தக் கருவியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். நான்கே நாள்! ஜூன் மாதம் லினக்ஸின் அடுத்த ரிலீஸே அதன் மூலம்தான் வெளியானது. அந்தக் கருவிதான் 'கிட்'. ஜூலையில் அதை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார் மனிதர்.

கிட் என்ன செய்கிறது? பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பேரேட்டில் தப்பான பதிவு விழுந்துவிட்டால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். கிட்டும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவு. யார், எப்போது, ஏன். ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்தில் ஒரு அடையாளம். அந்த அடையாளம் பதிவின் உள்ளடக்கத்தையும் முந்தைய பதிவின் அடையாளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. எங்கோ பழைய பதிவில் ஒரு கமாவை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வருகிற அத்தனை அடையாளங்களும் மாறிப்போகும், குட்டு வெளிப்பட்டுவிடும். எந்த வரியை யார் எழுதியது என்று காட்டச் சொல்வதற்கு ஒரு கட்டளையும் உண்டு. அதன் பெயர் 'பிளேம்'. பழி!

ரிலீஸ் தயாரிப்பது இந்தக் கணக்கின் மேல் நடக்கிற சடங்கு. லினக்ஸில் புதிய சரக்கை வாங்கிப் போட இரண்டு வாரம். அதற்கப்புறம் கதவு சாத்தப்படும். பழுது பார்ப்பது மட்டும்தான். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளோட்டப் பதிப்பு. ஏழெட்டு வெள்ளோட்டத்துக்குப் பிறகு, சரி என்று பட்டால், அந்த நிலைக்கு ஓர் எண் கட்டி, கையெழுத்துப் போட்டு வெளியிடுவார்கள். கையெழுத்து என்றால் மசியில் அல்ல. போட்டவரைத் தவிர வேறு யாரும் போட முடியாத கணிதக் கையெழுத்து.

ஆச்சா? இவ்வளவு காவல் போட்டாகிவிட்டது. இனி இடைச்செருகலுக்கு வழியில்லை என்றுதானே தோன்றுகிறது? எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச் வரை.

எக்ஸ்-இசட் என்றொரு சின்ன மென்பொருள். கோப்புகளைச் சுருக்குகிற வேலை. உங்களுக்கு அதன் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் லினக்ஸ் ஓடுகிற எல்லா இடத்திலும் மூலையில் அது உட்கார்ந்திருக்கும். லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர் சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில், கிட்டத்தட்ட ஒண்டி ஆளாகக் கவனித்து வந்தார். 2021ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தார். நல்ல திருத்தங்கள். பொறுமையான ஆசாமி. 2022ல் வேறு சில பெயர்கள் முளைத்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவருக்கும் கொடுங்கள் என்று லாசேயைக் குடைந்தன. அதில் ஒரு பெயர் 'ஜிகர் குமார்'! அந்தப் பெயர்கள் அந்த வேலை முடிந்ததும் காணாமல் போய்விட்டன. பிற்பாடுதான் எல்லாருக்கும் சந்தேகம் வந்தது. களைத்துப்போயிருந்த லாசே, கூடமாட உதவுகிற ஜியா டானுக்குச் சாவியில் ஒரு பங்கு கொடுத்தார். ரிலீஸ் வெளியிடும் உரிமையும் அதில் சேர்த்தி.

2024 பிப்ரவரி 24ல் 5.6.0 வந்தது. மார்ச் 9ல் 5.6.1. இரண்டும் ஜியா டான் வெளியிட்டவை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கிட்டில் இருப்பது மூலப்பிரதி. ஊருக்குப் போவது அதிலிருந்து கட்டப்படும் மூட்டை. மூட்டை கட்டும்போது, நிறுவுவதற்கு வசதியாக, இயந்திரமே தயாரிக்கும் சில கோப்புகளைக் கூடச் சேர்ப்பது வழக்கம். அதனால் மூட்டைக்கும் மூலத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இடுக்கில்தான் கை நுழைந்தது. விஷத்தைப் பரிசோதனைக் கோப்பு என்ற பெயரில் கிட்டிலேயே எல்லார் கண் முன்னும் வைத்தாயிற்று. பார்த்தால் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும். அதைத் தட்டி எழுப்புகிற சில வரிகள் மட்டும் கிட்டில் இல்லை. மூட்டையில் மட்டும் இருந்தன. கணக்குப் புத்தகம் சுத்தம். கையெழுத்து சுத்தம். புத்தகத்தில் மட்டும் ஏட்டில் இல்லாத ஒரு வரி.

அந்த வரி வேலை செய்தால், சில வகை லினக்ஸ் சர்வர்களில், தூரத்திலிருந்து உள்ளே நுழைகிற வாசலுக்கு ஒரு கள்ளச்சாவி தயார். சாவி வைத்திருப்பவர் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே போய் எதையும் செய்யலாம். டெபியன், ஃபெடோரா போன்ற பெரிய லினக்ஸ் தொகுப்புகளின் வெள்ளோட்டப் பதிப்புகளுக்குள் அது போய் உட்கார்ந்தும் விட்டது. இன்னும் சில மாதம் போயிருந்தால் பேங்க், ஆஸ்பத்திரி, அரசாங்க ஆபீஸ் என்று எங்கெங்கோ போயிருக்கும்.

காப்பாற்றியது அரை விநாடி. ஆன்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் என்ஜினியர் வேறு ஏதோ வேகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கமாக ஆகிறதைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. உங்களையும் என்னையும் போன்றவர்கள் அந்த அரை விநாடியில் கொட்டாவி விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போய், மூட்டையையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். உ.வே.சா. ஏடுகளை வைத்து ஒப்பிட்ட அதே வேலை. மார்ச் 29ம் தேதி உலகத்துக்கு அறிவித்தார்.

ஜியா டான் யார்? ஓர் ஆளா, பத்து ஆளா, ஏதாவது ஒரு நாட்டின் உளவுத் துறையா? விடை கிடைக்கவில்லை. திருச்சுழிக்காரர் கேட்கச் சொன்ன கேள்வியை அந்தப் பெயரிடம் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை.

சிவப்பிரகாசம் பிள்ளையும் மூலத்தில் இல்லாததைச் சேர்த்தவர்தான், ஜியா டானும் சேர்த்தவர்தான் என்று ஒரே தராசில் நிறுத்துவது அபாண்டம். பிள்ளை சேர்த்ததை, சொன்னவரே பார்க்கும்படி முன்னால் வைத்தார். ஆனால் இருவருக்கும் வாய்த்த இடம் ஒன்றுதான்: கையெழுத்துப் பிரதிக்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளி. பிள்ளையின் பட்டியலை நமக்குத் தெரியப்படுத்தியது ரமணரின் கண். எக்ஸ்-இசட்டில் அந்தக் கண் களைத்துப்போயிருந்தது; சம்பளமில்லாத ஒரு மனிதரின் தோளில் அத்தனை பாரத்தை ஏற்றிவிட்டு உலகம் தூங்கிக்கொண்டிருந்தது.

லாசே காலின் மறுபடி வந்து உட்கார்ந்தார். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். 2024 மே 29ல் 5.6.2 வெளியானது, கள்ளச்சாவி நீக்கப்பட்டது என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது. யாரும் குழி தோண்டவில்லை, தீ வைக்கவில்லை. ஜியா டான் சேர்த்த பதிவுகள் சேர்த்த தேதியோடும், அவற்றை நீக்கிய பதிவு நீக்கிய தேதியோடும், எக்ஸ்-இசட்டின் கிட் கணக்கில் அடுத்தடுத்து அப்படியே இருக்கின்றன. இன்டர்நெட் இருந்தால் நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.